சுற்றுத்துணியும் தோட்டாவும்: 1857-இன் கொழுப்புச் சிக்கலுக்கு ஒரு முன்வரலாறு

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பாடநூல்களைப் புரட்டிப் பார்ப்பின், அவற்றுள் ஒரு செய்தி தவறாது இடம்பெறக் காணலாம். பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்ட தோட்டாக்களைப் பல்லால் கடித்துத் திறக்குமாறு சிப்பாய்கள் பணிக்கப்பட்டனர் என்பதே அச்செய்தி. அதன் சமயப் பொருள் யாவர்க்கும் விளங்கும். ஆயின், தோட்டாவிற்குக் கொழுப்பு எதற்கு? வகுப்பில் ஒரு மாணவி இவ்வினாவை எழுப்பியபோது நம்மிடம் உடனடியாக விடை இல்லை. துப்பாக்கி துருப்பிடிக்காதிருக்க என்று ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அது பிழையான விடை என்பது பின்னரே தெரிய வந்தது.

சரியான விடையைத் தேடிச் செல்வோர் 1857-க்கு மிக முன்னதாக, கையளவுகூட இல்லாத ஒரு துணித்துண்டில் போய் நிற்பர். வாய்வழி மருந்திடும் ரைபிள் துப்பாக்கியில் ஈயக்குண்டைச் சுற்றி வைக்கப்பட்ட கொழுப்பூட்டிய துணியே அது. ஆங்கிலத்தில் ‘பேட்ச்’ எனப்படும் அதனை இக்கட்டுரையில் சுற்றுத்துணி எனக் குறிப்போம். வங்காளப் படையின் ரைபிள் பிரிவுச் சிப்பாய்கள் 1857-க்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கொழுப்பூட்டிய வெடிப்பொருளைக் கையாண்டு வந்தனர். ஆகவே கொழுப்பு என்பது மட்டும் 1857-இல் புதியதன்று. துணி செய்து வந்த வேலையைத் தாள் ஏற்றுக்கொண்டதும், அதனால் கொழுப்பும் கடியும் ஒரே பொருளில் வந்து சேர்ந்ததுமே புதியவை. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுற்றுத்துணி செய்யும் முறை

பதினெட்டாம் நூற்றாண்டுக் காலாட்படையினர் பெரும்பாலும் ஏந்தியது மஸ்கெட் எனும் துப்பாக்கி. அதன் குழாயின் உட்புறம் வழுவழுப்பானது. பிரித்தானியரின் புகழ்பெற்ற ‘பிரௌன் பெஸ்’ மஸ்கெட்டின் குழாய் உள்விட்டம் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதில் இட்ட குண்டோ 0.69 அங்குல அளவினது. குழாய்க்கும் குண்டுக்கும் இடையில் வேண்டுமென்றே இடைவெளி விடப்பட்டது. சில சுற்றுகள் சுட்டவுடன் குழாயில் கருமருந்துக் கசடு படிந்துவிடும். அப்போதும் குண்டு எளிதாக உள்ளே இறங்க வேண்டும் என்பதே காரணம். விரைவாகச் சுடலாம், குறி மட்டும் தவறும். நூறு கெஜத்திற்கு அப்பால் ஒரு தனி மனிதனைக் குறிவைத்து வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயலே.

ரைபிளின் குழாயில் திருகுவரிகள் வெட்டப்பட்டிருக்கும். குண்டு அவ்வரிகளைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியேறினால் நேராகப் பறக்கும். ஆனால் பற்ற வேண்டுமாயின் குண்டு குழாயை இறுகப் பொருந்த வேண்டும். இறுகப் பொருந்தும் குண்டை வாய்வழியாக உள்ளே செலுத்துவதோ பெரும்பாடு. சுத்தியலால் அடித்து இறக்கினால் ஈயம் உருக்குலையும். குண்டைச் சற்றே சிறியதாக வார்த்து, எஞ்சிய இடத்தைத் துணியால் நிரப்புவதே இச்சிக்கலுக்கு மத்திய ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் கையாண்ட வழி. வரியைப் பற்றுவது துணி. துணியின் பிடியில் சுழல்வது குண்டு. வெடித்தவுடன் எழும் புகைவளி குண்டின் ஓரமாகக் கசியாமல் அடைப்பதும் அத்துணியே. செருமானியக் கொல்லர்கள் இந்நுட்பத்தைப் பென்சில்வேனியாவிற்குக் கொண்டு சென்றனர். அங்கு அது அமெரிக்க நீள்குழாய் ரைபிளாக வளர்ந்தது. அத்துப்பாக்கிகளின் கட்டையில் பித்தளை மூடியிட்ட சிறு பெட்டி ஒன்று இருக்கும். அருங்காட்சியகங்களில் அதன் வேலைப்பாட்டை வியந்து கடந்து செல்வோர் பலர். நாமும் அவ்வாறு கடந்து சென்றவரே. சுற்றுத்துணியும் கொழுப்பும் வைப்பதற்கான பெட்டி அது.

துணியைத் தேர்வதில் தேர்ச்சி வேண்டும். நெருக்கமாக நெய்த ஆளிநார்த் துணியோ பருத்தித் துணியோ ஏற்றது. இழை விலகும் தளர்ந்த நெசவு உதவாது. கோடித்துணியாயின் கஞ்சிப் பசை போகத் துவைத்து உலர்த்த வேண்டும். கஞ்சி இருந்தால் கொழுப்பு இழைக்குள் ஊறாது. தடிமனும் முதன்மையானது. ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு முதல் ஐம்பதில் ஒரு பங்கு வரையிலான தடிமனே பெரும்பாலும் பயன்பட்டது. குழாய், குண்டு, துணி ஆகிய மூன்றும் ஒன்றற்கொன்று அளவு பொருந்த வேண்டுமாதலால், ஒரு துப்பாக்கிக்கு ஏற்ற துணி மற்றொன்றிற்குப் பொருந்தும் என்ற உறுதி இல்லை. தன் துப்பாக்கிக்கு எத்துணி ஏற்றது என்பதைச் சுட்டுப் பார்த்தே ஒருவன் கண்டறிந்தான்.

வெட்டுவதில் இருவகை உண்டு. துணியை முன்னதாகவே வட்டமாகவோ சதுரமாகவோ நறுக்கி வைத்துக்கொள்வது ஒருவகை. கொழுப்பூட்டிய துணிப்பட்டையைக் குழாயின் வாய்மீது விரித்து, குண்டை அதன்மேல் வைத்து அழுத்தி, வாய்க்குச் சற்றுக் கீழே குண்டு இறங்கியதும் துணியைத் திரட்டிப் பிடித்து, வாயோடு வாயாகக் கத்தியால் அரிந்துவிடுவது மற்றொரு வகை. பின்னதில் அளவு ஒருபோதும் தவறாது. அதன்பின் திணிகோலால் ஒரே சீராக அழுத்தி, மருந்தின்மீது குண்டு அமரும்வரை இறக்குவர். இடையில் வெற்றிடம் நின்றால் குழாயே வெடிக்கக்கூடும்.

கொழுப்பின் பணி மூன்று. இறுக்கமான துணி வழுக்கி இறங்க உதவுவது, தீப்பொறியில் துணி கருகாமல் காப்பது, கருமருந்துக் கசடை இளக்கி அடுத்த குண்டுக்கு வழிவிடுவது ஆகியன அவை. மாட்டுக்கொழுப்பு, ஆட்டுக்கொழுப்பு, கரடிக்கொழுப்பு, திமிங்கில எண்ணெய், தேன்மெழுகு என அந்தந்த நிலத்தில் கிடைத்ததைப் பயன்படுத்தினர். ஒன்றும் கிடைக்காதபோது எச்சில் தொட்டும் சுட்டனர். எந்தக் கொழுப்பு என்பதைத் துப்பாக்கி கேட்பதில்லை. இக்கட்டுரைக்கு அதுவே இன்றியமையாத செய்தி.

சுட்டபின் துணி சில அடி தொலைவில் விழும். தேர்ந்தவர் அதனை எடுத்துப் படித்தனர். நடுவில் ஓட்டை எரிந்திருப்பின் துணி மெல்லியது, அல்லது கொழுப்புப் போதவில்லை. விளிம்பு அறுபட்டிருப்பின் குழாயின் வாயோ வரியின் முனையோ கூராக உள்ளது. வரிகளின் தடம் ஒழுங்காகப் பதிந்து, நெசவு குலையாதிருப்பின் எல்லாம் சரி. துணி தன் குற்றத்தைத் தானே காட்டும் பொருளாக இருந்தது. தடவிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், சுட்டபின் மீண்டும் கண்டெடுக்கலாம். பின்னர் அதன் இடத்திற்கு வந்த தாளுக்கு இவ்வியல்பு இல்லை.

பேக்கரும் பிரன்சுவிக்கும்

பிரித்தானியப் படை 1800-இல் எசேக்கியல் பேக்கர் வடிவமைத்த ரைபிளை ஏற்றது. அதன் உள்விட்டம் 0.625 அங்குலம், குண்டு 0.615 அங்குலம், வரிகள் ஏழு. முதலில் குண்டை இறக்குவதற்குச் சிறு மரச்சுத்தியலும் வழங்கினர். விரைவில் அது கைவிடப்பட்டது. கட்டையில் சுற்றுத்துணிப் பெட்டி உண்டு. இந்தியாவில் சென்னைப் படையிலும் ரைபிள் பிரிவு ஒன்று அமைந்தது. 1817-இல் மராட்டியருக்கு எதிரான மகித்பூர்ப் போரில் அப்பிரிவு பங்கேற்றது.

1837-இல் வந்த பிரன்சுவிக் ரைபிளில் இரண்டே வரிகள். குண்டைச் சுற்றி அரைஞாண்போல் ஒரு மேட்டுவளையம். அவ்வளையம் வரிகளில் பொருந்த வேண்டும். சுற்றுத்துணி அதற்கும் வேண்டும். கசடு படிந்த குழாயில் அக்குண்டை இறக்குவது மிகக் கடினம் எனப் பிரித்தானியரே குறைகூறினர். வடிவமைப்பு தோல்வி எனலாம். எனினும் கும்பினியின் வங்காளப் படையில் சில ரைபிள் பிரிவுகளின் கையில் இருந்தது இவ்விருவரி ரைபிளே. ஏனைய சிப்பாய்கள் மஸ்கெட்டையே ஏந்தினர். அதன் தோட்டாவிற்குக் கொழுப்புத் தேவையில்லை.

இங்குத் தோட்டா என்ற சொல்லை விளக்கிவிடுதல் நலம். இன்று அச்சொல் உலோக உறையை நினைவூட்டுகிறது. அன்று அது ஒருமுறை சுடுவதற்கு வேண்டிய மருந்தைப் பொதிந்த தாள்குழல். மஸ்கெட்டுக்குரியதில் குண்டும் சேர்ந்திருக்கும். போர்வீரன் தாளின் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழாயில் கொட்டுவான். ஒரு கையில் துப்பாக்கி இருக்க, மறு கையில் தோட்டா இருக்க, எஞ்சிய கருவி வாய் ஒன்றே. கடிப்பது சிப்பாய்க்கு மட்டும் விதித்த இழிவன்று. ஐரோப்பியக் காலாட்படைகள் யாவும் அவ்வாறே செய்தன.

இனிச் சுற்றுத்துணி முறையோடு இதனை ஒப்பிட்டு நோக்குவோம். துணி சுற்றிய குண்டு தனியே இருக்கும். மருந்து தனியே இருக்கும். கொழுப்பு உள்ளது துணியில். துணியைத் தொடுவது விரல். வாய்க்குச் செல்லும் தாளில் கொழுப்பில்லை. கொழுப்புள்ள துணி வாய்க்குச் செல்வதில்லை. இப்பிரிவை எவரும் சமயம் கருதி ஏற்படுத்தவில்லை. கருவியின் அமைப்பில் அது தானே அமைந்தது. ஆயினும் சிப்பாயின் நிலையில் நின்று பார்ப்பின், விரலில் பட்டதைக் கழுவலாம், வாயில் பட்டதை எவ்வாறு கழுவுவது என்ற வேறுபாடு மிகப் பெரிது. 1857-ஐப் பற்றிய ஆய்வுகளில் இவ்வேறுபாட்டிற்கு உரிய இடம் தரப்படவில்லை என்பது நம் கருத்து.

துணி தாளாதல்

1849-இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் மினியே வடித்த குண்டு சுற்றுத்துணியின் காலத்தை முடித்து வைத்தது. நீள்வடிவான அக்குண்டின் அடிப்புறம் குடைவானது. குழாயில் தளர்வாக இறங்கும்; வெடித்தவுடன் அடிப்புறம் விரிந்து தானே வரிகளைப் பற்றும். மஸ்கெட்டின் விரைவும் ரைபிளின் குறியும் ஒன்றுசேர்ந்தன. அதனால்தான் சில பிரிவுகளுக்கு மட்டும் உரியதாக இருந்த ரைபிளைக் காலாட்படை முழுவதற்கும் வழங்கும் எண்ணம் பிறந்தது. 1853-இல் உருவான என்ஃபீல்டு ரைபிள் இவ்வழியில் வந்தது, உள்விட்டம் 0.577 அங்குலம்.

என்ஃபீல்டின் குண்டு பக்கங்களில் வரிப்பள்ளம் இல்லாத வழுவழுப்பான குண்டு. தோட்டாவின் தாள் அதனைச் சுற்றியிருக்கும்; குண்டோடு சேர்ந்து அத்தாளும் குழாயுள் இறங்கும். அதாவது, பழைய சுற்றுத்துணியின் பணியை இப்போது தோட்டாத்தாளே செய்தது. துணிக்குக் கொழுப்பு வேண்டியிருந்த அதே காரணங்களால் தாளுக்கும் கொழுப்பு வேண்டியதாயிற்று. இங்கிலாந்தில் வகுத்த கலவை ஐந்து பங்கு விலங்குக்கொழுப்பு, ஐந்து பங்கு ஸ்டியரின், ஒரு பங்கு மெழுகு என்பதாகும்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கொழுப்பு தடவப்பட்டது தோட்டாவின் குண்டுள்ள முனையில். கடிக்கப்பட்டது மருந்துள்ள மறுமுனையில். விதிப்படி நோக்கின் வாயில் கொழுப்புப் படவேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் வெயிலில் இளகும் கொழுப்பு ஒரு முனையிலேயே நின்றுவிடும் என்று எவர் உறுதி கூற இயலும்? பத்துத் தோட்டாக்கள் ஒரு கட்டாக, தோற்பையில், வட இந்தியக் கோடையில் நாள்தோறும் சுமக்கப்படும் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இந்த ஐயம் அதிகாரிகளுக்கும் ஒருவாறு இருந்தது. ஆனால் அவர்கள் கவலைப்பட்டது கொழுப்பைப் பற்றி, மனிதரைப் பற்றியன்று. வெப்பநாட்டில் கலவை எவ்வாறு தாங்குகிறது என அறிய 1853-இல் கொழுப்பூட்டிய தோட்டாக்கள் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டன. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் அவை காவற்படையினரின் பைகளில் பல மாதங்கள் வைக்கப்பட்டு, பின்னர் அறிக்கையோடு இங்கிலாந்துக்குத் திரும்பின. அக்கொழுப்பு சாதிக்கும் சமயத்திற்கும் ஊறு செய்யாதது என உறுதிப்படாதவரை இந்தியச் சிப்பாய்களுக்கு இவற்றை வழங்கலாகாது என வங்காளப் படையின் உயர் அதிகாரி கர்னல் டக்கர் 1853 டிசம்பரில் எழுத்து வழியாகவே எச்சரித்தார். எச்சரிக்கை கோப்பில் தங்கிவிட்டது. 1806 சூலை 10-இல் வேலூரில் நடந்ததை அரசு மறந்திருக்க நியாயமில்லை. தோல் பதித்த புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறி, தாடி பற்றிய கட்டளையுமே அங்குச் சென்னைப் படையினரைக் கிளர்ந்தெழச் செய்தன. பின்னாளில் நம் நீரிணைக் குடியேற்றங்களில் காவற்பணி புரிந்ததும் அச்சென்னைப் படையே.

ஆட்டுக்கொழுப்பும் மெழுகும்

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் தொழிலாளி ஒருவருக்கும் பிராமணச் சிப்பாய் ஒருவருக்கும் நடந்த உரையாடல் பலராலும் எடுத்துரைக்கப்பட்டது. ஈண்டு விரித்தல் வேண்டா. அங்குப் பயிற்சிக்கு வந்தோர் அப்போது தோட்டாவை இட்டுச் சுடும் நிலையை எட்டியிருக்கவில்லை. சிப்பாய்களின் அச்சம் மேலிடத்தை எட்டியதும் சனவரி 27-இல் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது: கொழுப்பின்றித் தோட்டாவை வழங்குக, சிப்பாய்கள் தாம் விரும்பும் மசகைத் தாமே தடவிக்கொள்ளட்டும். அறிந்தோ அறியாமலோ அவ்வாணை சுற்றுத்துணிக் காலத்து வழக்கத்திற்கே திரும்பியது. தனக்கேற்ற கொழுப்பைத் தானே தேர்ந்து ஊட்டுவது பழைய ரைபிள்காரனின் முறை அன்றோ!

இதற்கு மீரட்டிலிருந்து வந்த மறுமொழியே நம் வாதத்திற்கு முதன்மைச் சான்று. இந்தியப் பிரிவுகள் சில ஆண்டுகளாகவே கொழுப்பூட்டிய வெடிப்பொருளைப் பயன்படுத்தி வருகின்றன. கொழுப்பு ஆட்டுக்கொழுப்பும் மெழுகும் கலந்தது. அவ்வழக்கம் தொடரட்டும் என்று வங்காளப் படையின் அட்ஜுடண்ட் செனரல் கர்னல் செஸ்டர் தந்தி அனுப்பினார். இருக்கும் வழக்கத்தை மாற்றினால் இல்லாத ஐயமும் எழும் என்பது அவர் எண்ணம். இத்தந்தியைச் சான்றாகக் கொண்டு, சிப்பாய்களின் அச்சம் வெறும் பாசாங்கு என வாதிட்டோர் உண்டு. முன்பு தொட்டவர்கள் இப்போது ஏன் மறுத்தனர் என்பது அவர்தம் வினா. நாம் அச்சான்றை ஏற்கிறோம், முடிபை ஏற்கவில்லை. ஆட்டுக்கொழுப்பு எனத் தெரிந்த ஒன்றை, குறைவான சிலர், விரலால் தொட்டது பழைய நிலை. ஒப்பந்தக்காரர் தந்த, எவ்விலங்கினது எனத் தெரியாத கொழுப்பை, படை முழுவதும், வாயருகே கொண்டு செல்லவிருந்தது புதிய நிலை. வில்லியம் கோட்டைக் கிடங்கில் பயன்பட்ட கொழுப்பு எவ்விலங்கினது என்பதில் தனிக்கவனம் செலுத்தப்படவில்லை எனப் படைக்கலத் தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டார். அச்சத்திற்கு அடிப்படை இல்லாமலில்லை.

பிப்ரவரி 6-இல் பாரக்பூரில் நடந்த விசாரணை இன்னும் வியப்பானது. அங்குச் சிப்பாய்களுக்குக் காட்டப்பட்ட தோட்டாத்தாளில் கொழுப்பே தடவப்படவில்லை. எனினும் அவர்கள் தாளையே ஐயுற்றனர். பழைய தாளினும் இது பளபளப்பாக உள்ளது, தடித்துள்ளது, எரித்தால் சடசடத்துக் கொழுப்பு நாறுகிறது என்றனர். பிப்ரவரி 26 இரவு பெர்காம்பூரில் 19-ஆம் படைப்பிரிவு மறுத்தபோதும் அங்கிருந்தவை பழைய மஸ்கெட் தோட்டாக்களே. அவற்றின் தாள் இருவேறு நிறத்தில் இருந்ததே ஐயத்திற்கு இடமாயிற்று. இதனை அறியாமை எனத் தள்ளுவது எளிது. ஆனால் தாளை எரித்தும் முகர்ந்தும் பார்த்த அச்சிப்பாய், சுட்ட துணியை எடுத்துப் படித்த பழைய ரைபிள்காரன் செய்ததையே செய்தான். ஒரு பொருளின் உள்ளீட்டைக் கையாலும் மூக்காலும் அறிய முயன்றான். ஆலைத்தாள் அவனுக்கு விடை தரவில்லை. கெய் முதல் 1957-இல் வெளிவந்த சுரேந்திரநாத் சென், மசும்தார் நூல்கள் வரை கொழுப்பைப் பற்றி எழுதிய அளவு தாளைப் பற்றி எழுதியோர் குறைவு. 1966-இல் வந்த பாமரின் மீரட் பற்றிய நூல் தோட்டாவின் அமைப்பை விரிவாக ஆராய்ந்தது ஒரு நல்ல விதிவிலக்கு.

மார்ச்சில் டம்டம் பயிற்சிநிலையத் தலைவர் மேசர் பொன்டீன் தந்த யோசனையின்படி, தோட்டாவைக் கடிக்காமல் கையால் கிழிக்கும் முறை ஏற்கப்பட்டது. வாயை விலக்கிவிட்டால் சிக்கல் தீரும் என்பது சரியான கணிப்பே. ஆனால் காலம் கடந்திருந்தது. ஏப்ரல் 24-இல் மீரட்டில் 3-ஆம் இலகு குதிரைப்படையின் 90 வீரர்க்கு இப்புதிய முறை காட்டப்பட்டபோது 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவை கொழுப்பே இல்லாத பழைய தோட்டாக்கள். மே 9-இல் அவர்களுக்கு அணிவகுப்பின் முன்னிலையில் விலங்கிட்டனர். மறுநாள் மாலை மீரட் எழுந்தது.

கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின் இந்தியப் படையினர்க்கு வழங்கப்பட்ட துப்பாக்கி 1858-இன் மாதிரி. வெளித்தோற்றத்தில் அது என்ஃபீல்டே. குழாயின் உள்விட்டம் மட்டும் 0.656 அங்குலமாக அகற்றப்பட்டு, வரி ஒன்றுகூட இல்லாமல் வழுவழுப்பாக்கப்பட்டிருந்தது. வரியில்லாக் குழாய்க்கு இறுகப் பொருந்தும் குண்டு வேண்டா. ஆகவே கொழுப்பும் வேண்டா. ஆயினும் அம்மாற்றம் சிப்பாயின் சமயத்தைக் கருதிச் செய்யப்பட்டதன்று. அவன் கையில் தொலைவாகவும் குறி தவறாமலும் சுடும் கருவி இருத்தலாகாது என்பதற்காகச் செய்யப்பட்டது. அவன் பக்கத்தில் நின்ற ஐரோப்பிய வீரனின் துப்பாக்கியில் வரிகள் இருந்தன.